சுருக்கியதும் அணைத்து எழுப்ப வேண்டும்

வண்ணார்பேட்டையில் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் கொண்டுபோகக் கடைகள் நிறைய உண்டு. எல்லாரும் ஒரே மருந்துதான் எழுதிக் கொடுப்பார்கள்: "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க." சண்முகசுந்தரி அப்படிச் சொல்வதில்லை. பேக்கரிக்கு மேலே, செங்குத்தான படி ஏறிப் போனால் அவள் கடை. எடைமேடை மெஷின், அரிசி ஆலை மெஷின், பத்திரம் எழுதுகிறவர் அப்பா காலத்தில் வாங்கிய மெஷின் எல்லாம் அங்கே திறந்த வயிற்றோடு கிடக்கும். நாற்பத்தைந்து வயது. சட்டென்று கோபம் வரும். அதைவிடச் சட்டென்று கை வேலையை முடித்துவிடும்.

அவளுடைய தனி வித்தை ரெஜிஸ்ட்ரியைச் சுருக்குவது. பழைய மெஷின் எழுந்திருக்க ஒரு யுகம் எடுக்கிறது என்று வருகிறவர்களிடம் பந்திக் கதை சொல்வாள்.

"கல்யாண வீட்டுல பந்தி போட்டிருக்குன்னு வைங்க. சாப்பிட்டவன் எந்திரிச்சுப் போயிட்டான். ஆனா அவன் எடம் அப்படியே காலியாக் கெடக்கு. புதுசா வாரவன் கடைசியில போயி உக்காருதான். பரிமாறுதவன் காலி எடத்தையெல்லாம் தாண்டித் தாண்டி நடக்கான். உங்க மெஷினும் அப்படித்தான். நீங்க ஏத்தின புரோகிராம் ஒண்ணொண்ணும் தன் விவரத்தை ரெஜிஸ்ட்ரியில எழுதி வைக்குது. அதை எடுத்தாலும் எடம் சுருங்காது. நான் என்ன செய்யுதேன்? இருக்கவங்கள மட்டும் நெருக்கமா வேற வரிசைல உக்கார வைக்கேன். மெஷினை அணைச்சு எழுப்பினதும் பழைய வரிசையைத் தூக்கிட்டு, புது வரிசையில பரிமாற ஆரம்பிச்சுரும்."

கூடவே ஒரு கண்டிப்பும் உண்டு. சுருக்கியதும் உடனே அணைத்து எழுப்ப வேண்டும். இடையில் யாராவது எதையாவது மாற்றினால் அது பழைய வரிசையில் போய் உட்காரும். எழுப்பும்போது பழைய வரிசையோடு அதுவும் போய்விடும். "அப்புறம் எனக்கு எலை வரலன்னு எங்கிட்ட வரப்படாது" என்று முடிப்பாள்.

இந்தக் கைப்பழக்கத்தின் தொடக்கம் கோமதிசங்கரின் ஜோதிட நிலையம்.

இருபத்திரண்டு வயதில் அவள் அங்கே ஆப்பரேட்டராகச் சேர்ந்தாள். நெல்லை டவுனில், தேரடிக்குப் பக்கத்துச் சந்தில், 'சுபயோகம் கணினி ஜாதக நிலையம்'. கையால் கட்டம் போட்டவரைவிடக் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டவரை ஊர் அதிகம் நம்பியது. பொய்யை மெஷின் அச்சடித்துத் தந்தால் அது கணக்கு ஆகிவிடுகிறது. பிறந்த தேதியையும் நேரத்தையும் அவள் தட்டுவாள். பிரிண்டர் கரகரவென்று கத்திக்கொண்டே தாளைத் தள்ளும். கோமதிசங்கர் அதில் சந்தனம் தொட்டுக் கொடுப்பார். மெஷின் மக்கர் செய்தால் சரி செய்யவும் அவளே கற்றுக்கொண்டாள். அதுதான் அவளுக்கு வினையாயிற்று.

அந்த மென்பொருளில் ஒரு சங்கதி உண்டு. வாக்கியக் கணக்கு, திருக்கணிதக் கணக்கு என்று பஞ்சாங்கக்காரர்களுக்குள் தீராத வழக்கு இருக்கிறதல்லவா? இரண்டில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்; தேர்ந்ததை அது ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்துக்கொள்ளும். கோமதிசங்கரின் நிலையத்தில் எப்போதும் திருக்கணிதம்தான். மாற்றிப் போட்டால் பலபேருக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு நட்சத்திரங்களின் விளிம்பில் பிறந்தவர்களுக்கு நட்சத்திரம் நகரும். நட்சத்திரம் நகராவிட்டால் செவ்வாய் நகரும். செவ்வாயும் நகராவிட்டால் லக்னம் நகரும். மனம் வைத்துத் தேடினால் எவருக்கும் எதையாவது நகர்த்தலாம்.

சுந்தரிக்குப் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. பேச்சு முடிந்து, பூ வைக்க நாள் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஒருநாள் மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நின்றபடியே ஒரு தாளை எடுத்து சுந்தரியின் அம்மா முன் வீசினாள். "ஆயில்யத்தைப் பூசம்னு சொல்லி ஏமாத்தப் பாத்தியளா? நான் உசுரோட இருக்கது பொறுக்கலயா?" ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாதாம். தாளின் தலைப்பில் சுபயோகம் நிலையத்தின் பெயர். மூலையில் சந்தனம்.

சுந்தரி நேரே போய்க் கேட்டாள். கோமதிசங்கர் மறுக்கக்கூட இல்லை.

"நீ போயிட்டா மெஷினை யாரு ஏட்டி பாக்கது? ரெண்டு வருசம் போவட்டும். நானே நல்ல மாப்பிள்ளையாப் பாத்துத் தாரேன்."

அன்றைக்கு இறங்கியவள்தான். ஆனால் ஆயில்யம் அவளோடு இறங்கி வந்தது. எந்தத் தெருவுக்குக் குடி போனாலும் அவளுக்கு முன்னால் போய் நின்றது. கல்யாணம் நடக்காததற்காக அவள் அழவில்லை. அம்மாவை நினைத்துத்தான் வயிறு எரிந்தது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் தாலிக்கு ஆசீர்வாதம் வாங்கத் தட்டு எடுத்து வருகிறவர்கள், ஆயில்யத்துப் பெண்ணைப் பெற்றவள் என்று அம்மாவைத் தாண்டிப் பக்கத்துப் பெண்மணியிடம் நீட்டுவார்கள். அந்தத் தட்டைப் பார்த்துப் பார்த்தே அம்மா ஒடுங்கிப் போய்ச் சேர்ந்தாள். ஒருத்தன் தன் நாற்காலிக்கு ஆள் வேண்டும் என்பதற்காக வானத்தைத் திருப்பி வைத்தான். அதற்கு ஒரு தாய் தலைகுனிந்து சாக வேண்டியிருந்தது. சுந்தரி இதை மன்னிக்கவில்லை. மன்னிக்கும்படி சொன்னவர்களிடம் பேசுவதையும் நிறுத்திக்கொண்டாள்.

அந்தக் கோமதிசங்கர்தான் போன மாதம் படி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு அவள் கடை வாசலில் நின்றார்.

"எம்மா சுந்தரி, நல்லாருக்கியா?"

"இருக்கேன் அண்ணாச்சி. என்ன காரியம்?"

"நம்ம மெஷின்தான். எழுந்திரிக்கவே மாட்டேங்கு. புது மெஷின்ல அந்தப் புரோகிராம் ஓடல. செஞ்சவனும் போயிச் சேந்துட்டான். எல்லாரும் உன் பேரைத்தான் சொல்லுதாங்க." சுற்றிலும் பார்த்தார். "ஒத்தையாவா இருக்க? ம்... என்ன செய்ய, உன் கட்டம் அப்படி."

அவர் நடிக்கவில்லை. தான் செய்ததை நிஜமாகவே கிரகத்தின் கணக்கில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தார். சுந்தரி ஸ்க்ரூடிரைவரை மேசையில் பைய வைத்தாள். பைய வைக்காவிட்டால் வேறெங்காவது பாய்ந்திருக்கும்.

"வெள்ளிக்கிழமை வாரேன் அண்ணாச்சி."

அவள் மனதில் ஒரு திட்டம் இருந்தது. போவாள், திறந்து பார்ப்பாள், "இனிப் பிழைக்காது" என்பாள். அந்த ஒரு சொல் போதும். அவள் கைவிட்ட மெஷினை இந்த வட்டாரத்தில் வேறு யாரும் தொட மாட்டார்கள். சுபயோகம் அத்தோடு மூடும்.

வெள்ளிக்கிழமை காலை அவள் போனபோது கூடத்தில் சிலர் காத்திருந்தார்கள். கதவோரம் உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி முத்துமாலை ஓலைக்கொட்டானை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் உட்கார்ந்த பழைய நாற்காலியில் இப்போது ஒரு பெண், விஜயஸ்ரீ. முகத்தில் ஒரு பூரிப்பு.

"என்னளா, இன்னைக்கு விசேஷமா?" என்றாள் சுந்தரி, மெஷினை எழுப்பிவிட்டுக் காத்திருந்த நேரத்தில்.

"ஆமாக்கா. ஆழ்வார்திருநகரில இருந்து மாப்பிள்ளையோட அம்மா வாராங்க. அண்ணாச்சிதான், எங்கிட்ட வேலை பாக்குத பிள்ளைக்கு நானே அவங்க கண்ணு முன்னால கட்டம் போட்டுக் குடுக்கேன்னு சொல்லியிருக்காரு. அப்பா மாதிரிக்கா."

சுந்தரியின் கை நின்றது. "கல்யாணம் ஆனா வேலைக்கு வருவியா?"

"எங்க வர? அவங்க ஊருக்குல்லா போவணும்."

"உன் நட்சத்திரம் என்ன?"

"அனுஷம்."

"மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவங்க?"

"ஒரே ஒரு அண்ணன். மஸ்கட்ல இருக்காரு."

அனுஷத்தை அடுத்தது கேட்டை. கேட்டையில் பிறந்த பெண் கணவனின் அண்ணனுக்கு ஆகாது என்பார்கள். திருநெல்வேலியில் ஒருத்தி பிறந்த நேரத்துக்காக மஸ்கட்டில் ஒருவன் தலையில் இடி விழுமாம். சுந்தரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இனிப் பிழைக்காது என்ற சொல்லைத் தொண்டைக்குள்ளேயே விழுங்கினாள். மெஷின் செத்தால் இந்த மனுஷன் அதையும் விதி என்று சொல்லிவிட்டுக் கௌரவமாக ஓய்ந்துவிடுவான். அது போதாது.

ரெஜிஸ்ட்ரியைச் சுருக்கினாள். வேண்டாத சுமை அவ்வளவும் கழிந்து, பெருத்த கோப்பு பாதிக்கும் கீழே வந்தது.

"அண்ணாச்சி, சுருக்கியாச்சு. இப்பமே அணைச்சு எழுப்பணும்."

கோமதிசங்கர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார். "ஏட்டி, பத்தரை தாண்டிட்டு! ராகு காலம். பன்னெண்டு வரைக்கும் இங்க எதையும் எழுப்பப்படாது. கட்டமும் போடுத வழக்கம் இல்ல."

"அப்பம் பன்னெண்டு வரைக்கும் யாரும் அதுல கைவைக்கக் கூடாது. எதை மாத்துனாலும் நிக்காது. அணைச்சு எழுப்புனதும் போயிரும்."

"சரி, சரி. பெரிய வைத்தியச்சி."

முத்துமாலை கொட்டாவி விட்டார். "கம்ப்யூட்டருக்கும் ராகு காலம் உண்டோ அண்ணாச்சி? கரண்டு ஆபீசுக்காரனுக்குச் சொல்லி, அந்த நேரம் கரண்டை நிறுத்தச் சொல்லும்வே."

சுந்தரி பிரிண்டரைக் கழற்றிக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கோமதிசங்கர் விஜயஸ்ரீயிடம் பூ வாங்கி வரச் சொன்னார். அவள் செருப்புச் சத்தம் சந்து முனையில் மறைந்ததும் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். தரையில் இருந்தவளை அவர் ஒரு ஆளாகவே எண்ணவில்லை. மெஷினைத் தொடாதே என்று அவள் சொன்னதையும் அப்படித்தான் எண்ணியிருப்பார். மௌஸ் நகர்ந்தது. அதே பட்டியல். அதே இடம். திருக்கணிதத்திலிருந்த புள்ளி வாக்கியத்துக்குப் போனது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் செய்ய முடியாததை முன்கூட்டியே செய்துவைத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அவளுடைய ஆயில்யம் எந்தக் கையால் பிறந்ததோ, அந்தக் கையை இன்று கண்ணால் பார்த்தாள்.

சொல்லலாம். இரண்டாவது முறை எச்சரிக்கலாம். முதல் முறை சொன்னது தொழிலுக்கு. அந்தக் கடன் தீர்ந்துவிட்டது. சுந்தரி பிரிண்டரின் பல்சக்கரத்தில் ஒட்டியிருந்த தூசியை ஊதிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு அடித்தபோது மாப்பிள்ளையின் அம்மா சொர்ணாம்பாள் வந்து உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவை, கையில் பழத்தட்டு. கோமதிசங்கர் தாமே சூடம் காட்டிவிட்டு, "எழுப்பும்மா" என்றார். சுந்தரி பிரிண்டரைத் திரும்ப மாட்டிவிட்டு, மெஷினை அணைத்து எழுப்பினாள். எழுந்திருக்க யுகம் எடுத்த மெஷின் சட்டென்று நிமிர்ந்தது.

"பாத்தியளா, குதிரை மாதிரி!" என்று கோமதிசங்கர் பூரித்தார். விஜயஸ்ரீ தன் பிறந்த தேதியைத் தானே தட்டினாள். பிரிண்டர் கத்தத் தொடங்கியதும் கோமதிசங்கர் குரலைத் தாழ்த்தினார்.

"மதினி, ஒண்ணு சொல்லணும். இது எம்பிள்ளை மாதிரி. ஆனா உண்மையை மறைச்சா அந்தப் பாவம் எனக்குத்தான். பிள்ளைக்குக் கேட்டை. உங்க மூத்தவன் கடல் தாண்டி இருக்கான். யோசிச்சுக்கிடுங்க."

சொர்ணாம்பாளின் கை வாய்க்குப் போனது. தட்டு சரிந்தது. விஜயஸ்ரீ எழுந்து நின்றாள். "அண்ணாச்சி, எனக்கு அனுஷம்லா?"

"ஒங்க வீட்டுல தப்பாக் கணிச்சிருக்காங்கம்மா. மெஷின் பொய் சொல்லாது."

சுந்தரி தாளைக் கிழித்தாள். சந்தனம் தொட நீண்ட அவர் கையைத் தாண்டிச் சொர்ணாம்பாளிடம் நீட்டினாள். "மெஷின் சொல்லுததை நீங்களே படிங்க மதினி."

சொர்ணாம்பாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள். "நட்சத்திரம்... அனுஷம்னுல்லா போட்டிருக்கு."

கோமதிசங்கர் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். முகம் வெளுத்தது. "இவ என்னமோ பண்ணிட்டா! மெஷினைக் கெடுத்துட்டா!"

கதவோரத்திலிருந்து முத்துமாலையின் குரல் வந்தது. "அதிருக்கட்டும்வே. தாளு வெளிய வாரதுக்கு முன்னாலயே கேட்டைன்னு ஒமக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சுந்தரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பல வருடங்களுக்குப் பிறகு அதே நாற்காலி.

"நான் சொல்லுதேன் அண்ணாச்சி. நீங்க பூ வாங்கப் பிள்ளையை அனுப்பிட்டு, வாக்கியத்துக்கு மாத்தினிய. எழுப்புத வரைக்கும் தொடாதீங்கன்னு சொன்னேன், கேக்கல. மாத்தினது நிக்கல. இப்ப எல்லாரும் பாருங்க." புள்ளியை நகர்த்தினாள். பிரிண்டர் கத்தியது. "கேட்டை." திரும்ப நகர்த்தினாள். "அனுஷம். அதே பிள்ளை, அதே நேரம். எத்தனை தடவை வேணும்னாலும் போடுதேன். இதே மாதிரிதான் எனக்கும் ஒரு ஆயில்யம் போட்டாரு. நான் இந்த நாற்காலியை விட்டுப் போயிரக் கூடாதுன்னு."

முத்துமாலை எழுந்து வந்தார். கேலி முகத்திலிருந்து போய்விட்டிருந்தது. "எம்மவளுக்குச் செவ்வாய்னு இவரு எழுதிக் குடுத்தாரும்மா. வந்த வரனையெல்லாம் நானே வேண்டாம்னு சொல்லிட்டேன். அதைப் போடு."

பிறந்த தேதியையும் நேரத்தையும் கேட்டுப் போட்டாள். ஒரு கணக்கில் செவ்வாய் இருந்தது. மறு கணக்கில் இல்லை. இரண்டு தாள்களையும் முத்துமாலை பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். ஓலைக்கொட்டான் தரையில் உருண்டு கருப்பட்டி சிதறியது. அதை அவர் பொறுக்கவில்லை.

"நல்லா இருந்த மாப்பிள்ளைவே," என்றார், கோமதிசங்கரின் சட்டையைப் பற்றி. "எம்பொண்ணு அவனைப் பாத்துச் சிரிச்சா. நாந்தான் கட்டத்தைக் காட்டி அடக்கினேன். லே, எம்பொண்ணு முகத்துல இப்ப நான் எப்படிலே முழிப்பேன்?"

பக்கத்திலிருந்தவர்கள் விலக்கிவிட்டார்கள். சுந்தரி விலக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைத் தாண்டிப் போன தட்டுகள் ஒவ்வொன்றாக அவளுக்கு நினைவு வந்தன.

அதற்குள் சொர்ணாம்பாள் போனை எடுத்து மஸ்கட்டுக்குப் பேசியிருந்தாள். "ஏலே, நல்லாத்தான இருக்க? என்ன செய்யுத? சாப்பிடுதியா? சரி, சாப்பிடு, சாப்பிடு." போனை வைத்தாள். விஜயஸ்ரீயின் கேட்டைத் தாளையும் அனுஷத் தாளையும் மடித்து இடுப்பில் செருகினாள். "எது நிசம்னு எனக்குத் தெரியல. ஆனா பெத்த மகனுக்குச் சாவு வரும்னு வாய் கூசாமச் சொன்னாரு பாரு, அது எப்படிப்பட்ட வாயின்னு தெரிஞ்சு போச்சு. வா ளா விஜயஸ்ரீ, உங்க அம்மையைப் பாத்துப் பேசணும்." விஜயஸ்ரீ அவள் பின்னால் இறங்கிப் போனாள். திங்கட்கிழமை அந்த நாற்காலிக்கு அவள் திரும்பவில்லை.

கூடம் காலியானதும் கோமதிசங்கர் கிழிந்த சட்டையோடு உட்கார்ந்தார். "சுந்தரி, போதும்மா. பழசை மனசுல வெச்சுக்கிட்டு இப்படியா பண்ணுவ?"

"பழசுன்னு நீங்க சொல்லுதிய. எங்கம்மை சொல்லல."

"உனக்கு இப்ப என்னதான் வேணும்?"

அவள் ரெஜிஸ்ட்ரியைத் திறந்தாள். அந்த மென்பொருளைச் செய்தவன் யோக்கியன். மற்றக் கணக்கின்படி என்ன வரும் என்பதையும் அதே தாளின் அடியில் அச்சடிக்க வழி வைத்திருந்தான். வாங்கிய அன்றே அவனிடம் சொல்லி அதை மூட வைத்தவர் கோமதிசங்கர். திரையில் அதற்குப் பொத்தான் கிடையாது. உள்ளே ஒரு பூஜ்யம் மட்டும் உட்கார்ந்திருந்தது. சுந்தரி அந்தப் பூஜ்யத்தை ஒன்றாக்கினாள்.

"இனி இங்கேருந்து போற ஒவ்வொரு தாளுலயும் ரெண்டும் வரும் அண்ணாச்சி. ஆயில்யமும் வரும், பூசமும் வரும். சந்தனத்தை எதுல தொடுதியன்னு பாப்போம்."

அணைத்து எழுப்பினாள். முறைப்படி.

"இப்ப ராகு காலம் இல்லல்லா? இது நிக்கும்."

அப்போது போனவள்தான். அவர் இப்போதும் போன் செய்கிறார். அந்த அடிவரியை மட்டும் எடுத்துவிடும்படி கெஞ்சுகிறார். தாளை வாங்குகிறவர்கள் அங்கேயே நின்று சண்டை பிடிக்கிறார்களாம்; வேறு யாரும் அந்த மெஷினைத் தொட மாட்டேன் என்கிறார்களாம். சுந்தரி போனை எடுக்காமல் இருப்பதில்லை. முழுதாகக் கேட்டுக்கொள்கிறாள். பிறகு மிகுந்த மரியாதையோடு, "வாரேன் அண்ணாச்சி. இப்ப ராகு காலம், முடியட்டும்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் கூப்பிட்டாலும் அவளுக்கு அது ராகு காலம்தான்.